கணக்கில் வராத அறுவடை

கரடியூர்ப் பகுதியில் அன்பியக் கூட்டம் முடிந்து, வந்திருந்தோருக்குக் காப்பி வழங்கப்பட்டுக்கொண்டிருந்த வேளை. மூடுபனி இறங்கி, வாசலுக்கு எதிரே நின்ற சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாய் மறைத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஆள் கணக்கு, கூலிக் கணக்கு, பறித்த பழத்தின் எடைக் கணக்கு என்று தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கணக்கிலேயே கழித்தவர். அவருடைய பேத்தி சேலத்தில் கணிதத்தில் இளங்கலைப் பட்டம் முடித்து, சென்னையில் முதுகலை படிக்க இடம் பெற்றிருந்தாள். சென்னைக்குப் போவதா, வங்கித் தேர்வுக்குப் பயிற்சி எடுத்து விரைவில் ஒரு வேலையில் அமர்வதா என்பதே அன்று அந்த இல்லத்தில் பேச்சாக இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஊக்கமூட்டும் எண்ணத்தில் நாம் ஒரு குருவின் வரலாற்றைச் சொன்னோம். பிரெஞ்சு நாட்டில் பிறந்து, தமிழகத்தில் கணிதப் பேராசிரியராகவே வாழ்ந்து மறைந்த இயேசு சபைத் தந்தை சார்லஸ் ரசீன் அவர்களின் வரலாறு அது. அவரிடம் பயின்று உலகப் புகழ் எய்திய மாணவர் சிலருடைய பெயர்களையும் சொன்னோம். பெரியவர் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எல்லாம் சரி சாமி. சொந்த தேசத்தை விட்டுட்டு வந்த சாமியாரு, முப்பது வருசம் கணக்குச் சொல்லிக் கொடுத்தாரு. அதுல எத்தனை பேரு ஞானஸ்நானம் வாங்கினாங்க?”

“அதற்காக அவர் கற்பிக்கவில்லை, ஐயா” என்றோம்.

“அப்படின்னா அந்தச் சாமிக்கு அங்கி எதுக்கு?”

அன்று நாம் சொன்ன விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. மலைப்பாதையில் பங்கு இல்லத்திற்குத் திரும்பும்போதும், அடுத்து வந்த நாள்களிலும் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. அன்பு வாசகர்களோடு சேர்ந்து அதனைச் சிந்திக்கவே இக்கட்டுரை.

ஒரு பேராசிரியரின் வாழ்வு

தந்தை ரசீன் 1897ஆம் ஆண்டு பிறந்தவர். பாரிசில், இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கணித மேதைகளுள் ஒருவரான எலி கார்த்தான் அவர்களின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்து, 1934இல் முனைவர் பட்டம் பெற்றார். பிரெஞ்சுக் கணிதத்தையே புதிதாய் வடிவமைத்துக்கொண்டிருந்த ஆந்த்ரே வெய், ஆன்றி கார்த்தான் முதலிய இளம் அறிஞர்கள் அவருடைய நண்பர்கள். அங்கேயே இருந்திருந்தால் தம் பெயரால் வழங்கும் தேற்றங்கள் சிலவற்றை அவர் விட்டுச் சென்றிருக்கக் கூடும். ஆனால் 1937இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் சிறிது காலம் கற்பித்துவிட்டு, 1939இல் சென்னை இலயோலாக் கல்லூரிக்கு வந்து, 1967இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே கற்பித்தார். 1976இல் இறைவனடி சேர்ந்தார்.

அந்நாளில் சென்னையின் கணிதக் கல்வி கேம்பிரிட்ஜ் மரபைச் சார்ந்திருந்தது. இராமானுஜனுக்குத் துணைநின்ற ஹார்டியிடம் பயின்று வந்த ஆனந்த ராவ் போன்ற பேரறிஞர்கள் மாநிலக் கல்லூரியில் அம்மரபை வளர்த்தனர். தந்தை ரசீனோ, பாரிசில் அப்போதுதான் முளைவிட்டிருந்த புதிய கணிதத்தை நம் மாணவர்களின் மேசைக்குக் கொண்டுவந்தார். பாடத்திட்டத்தில் இல்லாத நூல்களைப் படிக்கத் தூண்டினார். கணிதத்தில் முதன்மை பெற்றவர்கள் ஆட்சிப் பணித் தேர்வு எழுதுவதே வழக்கமாயிருந்த அக்காலத்தில், ஆர்வம் மிக்கோரைப் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஆற்றுப்படுத்தினார்.

அவரிடம் பயின்றோருள் சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன், இராகவன் நரசிம்மன், சி. பி. இராமானுஜம் ஆகிய நால்வரை இங்கே நினைவுகூரலாம். வட ஆர்க்காட்டைச் சேர்ந்த தண்டரை என்னும் சிற்றூரில், நாட்டுப்புறக் குடும்பத்தில் 1932இல் பிறந்தவர் எம். எஸ். நரசிம்மன். அதே ஆண்டில் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் சேஷாத்ரி. இருவரும் இலயோலாவில் பயின்று, 1953இல் டாட்டா நிறுவனத்தில் சேர்ந்து, 1965இல் சேர்ந்து நிறுவிய தேற்றம் இன்றும் அவர்கள் இருவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் நுட்பத்தை விளக்கும் ஆற்றல் நமக்கு இல்லை. நாம் புரிந்துகொண்டதை ஓர் உவமையால் சொல்லலாம். சேலத்திலிருந்து பார்ப்போருக்குச் சேர்வராயன் மலை ஒரு வடிவம். அரூர்ப் பக்கமிருந்து பார்ப்போருக்கு வேறொரு வடிவம். இரண்டும் ஒரே மலைதான் என்பதை, ஏறிக் கடந்து பார்த்தவரே உறுதியாய்ச் சொல்ல முடியும். வடிவக் கணிதத்தின் வெவ்வேறு பக்கங்களிலிருந்து பார்த்தபோது வெவ்வேறாய்த் தோன்றிய இரண்டும் ஒன்றே என அவர்கள் காட்டினார்கள்.

கேள்வி நியாயமானதே

பெரியவரின் கேள்வியைக் குறுகிய மனத்தின் கேள்வி என்று தள்ளிவிடுவது எளிது. அது நேர்மையாகாது. மறைபரப்புத் தளங்களுக்காக எங்கோ ஓர் ஊரில் ஓர் ஏழைத் தாய் உண்டியலில் இட்ட காசு அதற்குப் பின்னே இருக்கிறது. ஒரு குரு வந்து நற்கருணை தர மாட்டாரா என்று காத்திருந்த கிராமங்கள் இருந்தன. இதே சேலம் மண்ணில், 1623இல் தத்துவ போதகர் எனும் ராபர்ட் தெ நொபிலி வந்து, சேந்தமங்கலம், மோரமங்கலம் என்று அலைந்து நற்செய்தி விதைத்ததை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அவ்வாறிருக்க, அதே சபையைச் சேர்ந்த ஒருவர் கரும்பலகையின் முன் ஒரு தலைமுறைக் காலம் நின்றதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நாமும் அந்தக் கணக்கிலிருந்து விடுபட்டவர்கள் அல்லர். ஆண்டுதோறும் ஒரு படிவத்தை நிரப்புகிறோம். திருமுழுக்கு இத்தனை, உறுதிபூசுதல் இத்தனை, திருமணம் இத்தனை. எண்கள் உயர்ந்திருந்தால் உள்ளம் மகிழ்கிறது. குறைந்திருந்தால் கையொப்பமிடும்போது கை சற்றுத் தயங்குகிறது. கணக்கப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டதை, நாம் நம்மிடமே எத்தனையோ முறை மெல்லக் கேட்டிருக்கிறோம்.

எல்லார்க்கும் பொதுவான உண்மை

விடை தேடியபோது, குருமடத்தில் பயின்ற புனித அகுஸ்தீனார் நினைவுக்கு வந்தார். விருப்புரிமை பற்றிய நூலில் அவர் ஓர் எளிய செய்தியை எடுத்துக்கொள்கிறார். ஏழும் மூன்றும் சேர்ந்தால் பத்து. இது யாருடைய உண்மை? சொன்ன ஆசிரியருடையதும் அன்று, கேட்ட மாணவருடையதும் அன்று. உரோமையில் ஒன்று, ஆப்பிரிக்காவில் ஒன்று என்று அது மாறுவதும் இல்லை. ஒருவர் எடுத்துக்கொண்டதால் மற்றவருக்குக் குறைவதும் இல்லை. மனித மனங்களுக்கு மேலே நின்று, அனைவருக்கும் ஒருங்கே தன்னை அளிக்கும் அத்தகைய உண்மையிலிருந்து, உண்மையே வடிவான இறைவனை நோக்கி அகுஸ்தீனார் ஏறிச் செல்கிறார்.

அவ்வாறாயின், கரும்பலகையில் ஒரு நிறுவலை நேர்மையாக எழுதுகிறவர் எதைச் செய்கிறார்? ‘நான் சொல்கிறேன், நம்பு’ என்று அவர் சொல்வதில்லை. ‘நீயே பார்’ என்கிறார். மாணவர் பார்த்துவிட்ட பிறகு ஆசிரியரின் அதிகாரம் தேவையற்றதாகி விடுகிறது. தாம் குறைய வேண்டும், வருகிறவர் வளர வேண்டும் என்று திருமுழுக்கு யோவான் உணர்ந்த தாழ்ச்சி, கணித வகுப்பில் நாள்தோறும் நிகழக்கூடியது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில், படைப்புப் பொருள்களுக்கும் அறிவுத்துறைகளுக்கும் அவற்றுக்கே உரிய விதிகளும் தன்னுரிமையும் உண்டு என்று கற்பித்தது. இருப்பவை அனைத்தும் இறைவனிடமிருந்து வருவதால், உண்மையைத் தாழ்ச்சியோடு தேடுகிறவர், தாம் அறியாவிடினும், அவர் கையாலேயே நடத்தப்படுகிறார் என்பது அதன் கருத்து. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005இல் எழுதிய ‘கடவுள் அன்பாய் இருக்கிறார்’ என்ற சுற்றுமடலில், அன்புப் பணியை மதமாற்றத்துக்குக் கருவியாக்கலாகாது என்று தெளிவாகக் குறிப்பிட்டார். அன்பு இலவசமானது, வேறொன்றை அடைவதற்காகச் செய்யப்படுவது அன்று.

நற்செய்தியையே பாருங்கள். தொழுநோயாளர் பதின்மர் நலம் பெற்றனர். திரும்பி வந்தவர் ஒருவரே. மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். அந்தக் கேள்வியில் வருத்தம் உண்டு. ஆனால் அந்த ஒன்பது பேரின் நலத்தை அவர் திரும்பப் பெறவில்லை.

தூண்டில் அன்று, விருந்து

இங்கு ஓர் ஐயம் எழலாம். சீன நாட்டில் மத்தேயு ரிச்சி கணிதத்தைக் கொண்டே அறிஞர் உள்ளங்களில் இடம்பிடித்தார் அன்றோ? கத்தோலிக்கரான சூ குவாங்சி என்னும் அறிஞரோடு சேர்ந்து, யூக்ளிடின் நூலில் முதல் ஆறு பகுதிகளை 1607இல் அவர் சீன மொழியில் வெளியிட்டார். கணிதம் அங்கே ஒரு கதவைத் திறந்தது உண்மை. ஆனால் கதவைத் திறக்கும் சாவி என்பதற்காக மட்டுமே கணிதத்தை மதிப்பவர், கதவு திறந்ததும் சாவியை வீசிவிடுவார். மாணவர்களும் அதை விரைவில் கண்டுகொள்வார்கள். தூண்டிலில் கோத்த இரையை மீன்கூட விருந்து என்று எண்ணுவதில்லை.

இதன் மறுபக்கத் தவறும் ஒன்று உண்டு. பெல்ஜிய நாட்டின் லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் குருவாகவும் விளங்கிய ஜார்ஜ் லெமேத்ர், பேரண்டம் விரிவடைகிறது என்ற கருத்தை 1927இல் கணித வழியில் முன்வைத்தார். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951இல் ஆற்றிய உரையில், அத்தகைய அறிவியல் முடிவுகளைப் படைப்பு பற்றிய மறையுண்மையோடு இணைத்துப் பேசியபோது, மிகவும் மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமேத்ர். அவரோ அதை விரும்பவில்லை. அறிவியல் அறிவியலாகவும் நம்பிக்கை நம்பிக்கையாகவும் நிற்கட்டும் என்பதே அவர் நிலைப்பாடு. கடவுளுக்கு நம் சமன்பாடுகளின் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை.

அப்படியானால் அங்கி எதற்கு? கணக்கைப் பொறுத்தவரை எதற்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பச்சையப்பன் கல்லூரியில் சிங்காரவேலு முதலியார் இளைஞர் இராமானுஜனை இனங்கண்டு ஊக்குவித்தார்; அவர் அங்கி அணிந்தவர் அல்லர். நல்லாசிரியப் பண்பு என்னும் அருளுக்குத் திருச்சபை வேலி போடவில்லை; போடவும் இயலாது. ஆனால், ஒன்றையும் திரும்ப எதிர்பாராமல் கொடுக்கும் உரிமையை ஒருவருக்குத் துறவறம் தரக்கூடும். தம் பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசையைக்கூட விட்டுவிட அது இடம் தரக்கூடும். அந்த அங்கி பிறர் கண்ணுக்குக் காட்டுவதற்காக அன்று. அணிந்தவர் தமக்கே நினைவூட்டிக்கொள்வதற்காக.

புகழும் ஒரு கணக்கே

இங்கே நம்மை நாமே எச்சரித்துக்கொள்ள வேண்டும். திருமுழுக்குகளை எண்ணுவதை விட்டுவிட்டு, பத்மபூஷண் விருதுகளை எண்ணத் தொடங்கினால், நாம் பேரேட்டைத்தான் மாற்றினோம், மனத்தை மாற்றவில்லை. தந்தை ரசீனின் வகுப்புகள் எளிதில் பின்தொடரத்தக்கவை அல்ல என்று அவருடைய மாணவர்களே நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பேச்சு நயம் அவருக்கு வாய்க்கவில்லை. எத்தனையோ மாணவர் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தேர்வெழுதி, எங்கோ ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சென்றிருப்பர். அவர்கள் முன் நின்ற நேரம் வீணா?

சி. பி. இராமானுஜத்தின் வாழ்வும் நம் முன் நிற்கிறது. 1938இல் பிறந்தவர், அரிய மேதை. எழுதியவை குறைவு, ஆயினும் அவர் நிறுவிய முடிவுகளை உலகக் கணித அறிஞர்கள் இன்றும் போற்றுகின்றனர். நீண்டகால மனநோயின் சுமையோடு போராடி, 1974இல், தம் 36ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய ஆசிரியர் அப்போது எழுபத்தேழு வயது முதியவராய் உயிரோடிருந்தார். அந்த முதியவரின் உள்ளம் அன்று எவ்வாறு செபித்தது என்பதை இறைவன் அறிவார். மாணவரின் வெற்றியே ஆசிரியரின் பயன் என்று கொள்பவருக்கு இத்தகைய மறைவு ஒரு பெரும் இழப்புக் கணக்கு மட்டுமே. ஓர் உள்ளத்துக்கு உண்மையின் அழகைக் காட்டியதே பயன் என்று கொள்பவருக்கோ, அந்த வாழ்வின் குறுகிய ஆண்டுகளிலும் அழியாத ஒன்று நடந்திருக்கிறது.

நம் குற்றம்

இனி நம் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், ஒரு சிறுவன் கணிதம் படிக்க விரும்பி நம்மிடம் வந்தான். தந்தை இல்லை, தாய் கூலி வேலை. “வெறும் கணக்கைப் படித்து என்ன செய்வாய்? அதனால் பயன் இல்லை” என்று சொல்லி, தொழிற்கல்விப் பட்டயப் படிப்பில் சேர்த்துவிட்டோம். அண்மையில் ஒரு திருவிழாவில் அவனைக் கண்டோம். நிலையான வேலை, மனைவி, பள்ளி செல்லும் மகன். குறை ஒன்றும் இல்லை என்றான். பேச்சின் இடையே சிரித்துக்கொண்டே சொன்னான்: “ராத்திரி பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன் சாமி. அவன் தூங்கின பிறகு, புத்தகத்துல மிச்சம் இருக்கிற கணக்கையெல்லாம் நானே போட்டுடுவேன்.”

அவன் நம்மைக் குறை சொல்லவில்லை. நம் அறிவுரையால்தான் அவன் தாய் முதுமையில் வயிறார உண்டார் என்பதும் உண்மை. சோறு முக்கியம் என்று சொல்ல நமக்கு உரிமை இருந்தது. ஆனால், அவன் நேசித்த ஒன்றைப் பயனற்றது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ‘இது நல்லது, ஆனால் இன்று உன்னால் இயலாது’ என்பது வேறு, ‘இது வீண்’ என்பது வேறு. முன்னது ஏழ்மையின் சிலுவை. பின்னது பொய். நாம் பொய் சொன்னோம்.

விதைப்பவரும் அறுப்பவரும்

சேஷாத்ரியின் பிற்கால வாழ்வு நம் சிந்தனைக்கு உரியது. உலகப் புகழ் பெற்றுவிட்ட பின், தம் 57ஆம் வயதில், 1989இல் அவர் சென்னையில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர் சென்னைக் கணிதக் கழகமாக வளர்ந்தது. மூத்த ஆய்வாளர்களோடு நின்றுவிடாமல், 1998இல் அங்கே இளங்கலை மாணவருக்கும் படிப்பு தொடங்கப்பட்டது. அவ்வாறே எம். எஸ். நரசிம்மன், இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள பன்னாட்டு மையத்தில், 1992 முதல் 1998 வரை கணிதப் பிரிவின் தலைவராக இருந்து, ஏழை நாடுகளின் கணித அறிஞர்களுக்குத் துணை நின்றார். சேஷாத்ரி 2020இலும் நரசிம்மன் 2021இலும் மறைந்தனர். பெற்றதைப் பிறருக்குக் கொடுக்கும் பண்பு ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு இறங்கியிருந்தால், அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

நம் மலைத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்கள் காப்பிச் செடிக்கு நிழலாய் நிற்கின்றன. மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகின்றன. பறிப்புக் காலத்தில் அந்த மரத்தின் கீழ் யாரும் கூடை ஏந்தி நிற்பதில்லை. ஆனால் நிழலற்ற தோட்டத்தின் நிலையைக் கணக்கப்பிள்ளை நன்கு அறிவார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை பயன் தெரியாத ஒன்றை நேசித்தால் அஞ்சாதீர்கள். ஆசிரியர்களே, பின்வரிசையில் புரியாமல் விழிக்கும் மாணவரும் உங்கள் பலிபீடத்தின் முன் நிற்பவரே. நம்மைப் போன்ற குருக்களோ, பிறருடைய தியாகத்தைப் புகழ்ந்து பேசுவதோடு நின்றுவிடாமல், அதன் விலையில் ஒரு பங்கை ஏற்க வேண்டும். விலை கொடாத புகழுரை ஏழையின் தோளில் இன்னொரு சுமை.

அதனால், அந்தப் பெண்ணின் விடுதிக் கட்டணத்தைப் பற்றிப் பங்குப் பேரவையில் எடுத்துரைத்தோம். “படித்து முடித்தால் நம் பங்குக்கு என்ன பயன்?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார். “ஒன்றும் இல்லாமலும் போகலாம்” என்றோம். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, முதல் ஆண்டுக் கட்டணத்தை வின்சென்ட் தே பவுல் சபையினரும் சில குடும்பங்களும் பகிர்ந்துகொள்வதென்று முடிவாயிற்று. இரண்டாம் ஆண்டுக்கு வழி இன்னும் தெரியவில்லை.

செய்தியைச் சொல்லப் போனபோது, பெரியவர் பழைய நீள்வடிவக் கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து தொகையைக் கேட்டார். திருப்பித் தர வேண்டியதில்லை என்றோம்.

“தெரியும் சாமி. ஆனா காசுன்னா எழுதி வைக்கணும், அது என் பழக்கம்” என்றவர், பேனாவைத் திறந்து, வரவுப் பக்கத்தையும் செலவுப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதை எந்தப் பக்கம் எழுதறது சாமி?” என்று கேட்டார்.